பெட்டகமும் வழக்கேடும்

“ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது” என்பது தமிழர் நாவிற் பழகிய பழமொழி. படிப்பு வேறு, பட்டறிவு வேறு என்று எடுத்துக் காட்டுவதற்கு இதனினும் பொருத்தமான வாக்கு இல்லை. ஆயினும் இப்பழமொழி செல்லாத இடம் ஒன்று உண்டு. அதுவே நீதிமன்றம். கொல்லையிலே கொடி படர்ந்து பந்தலிலே காய் தொங்கினாலும், “இந்தக் கொல்லை உன்னுடையது என்பதற்கு எழுத்து எங்கே?” என்றுதான் அங்கே கேட்பார்கள். எழுத்து இருந்தாற் கொல்லையும் உண்டு, கொடியும் உண்டு. எழுத்து இல்லையேல், கண்முன்னே தொங்கும் காயும் கறிக்கு உதவாமற் போகும்.

இந்த எழுத்து இரண்டு இடங்களில் இருப்பது வழக்கம். ஒன்று வீட்டுப் பெட்டகம். மற்றையது அரசின் பதிவறை. பெட்டகத்தில் இருப்பதை எல்லோரும் அறிவர். பதிவறையில் இருப்பதை அறிந்தோர் சிலரே. பெட்டகம் தொலைந்த பின்னர் பதிவறையின் கதவை எவ்வாறு தட்டுவது, எவரிடம் எதனைக் கேட்பது என்பதை அறிந்தோர் அவரினும் சிலர்.

கிழக்கிலங்கையின் கடலோரத்திலே, மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர் என்று ஊரோடு ஊர் தோள் தொட்டு நிற்கும் பகுதி கல்முனைக் கரை. கிழக்கே கடல்; மேற்கே கண்ணுக்கெட்டிய தூரம் வயல். இடையிலே ஒடுங்கிய மணல் நிலத்தில், வேலிக்கு வேலி நெருங்கிய வளவுகளில் மக்கள் வாழ்கின்றனர். முஸ்லிம்களாயினுந் தமிழராயினும், பெண்ணுக்கு மணம் முடிக்கும்போது வீடும் வளவும் அவள் பெயருக்கு எழுதிக் கொடுப்பது இக்கரையின் நெடுநாள் வழக்கம். ஆதலால் இங்கே உறுதிப் பத்திரம் என்பது வெறுங் கடதாசியன்று. அது ஒரு பெண்ணின் வாழ்வுக்கு இட்ட அத்திவாரம்.

2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் திகதி காலையிலே கடல் எழுந்து வந்தது. அம்பாறை மாவட்டத்தில் மாத்திரம் 10,000-க்கு மேற்பட்டோர் மாண்டனர். இலங்கையின் மாவட்டங்களுள் ஆகக் கூடிய உயிரிழப்பு அதுவே. உயிரோடு ஒப்பிட்டால் உடைமை பெரிதன்று. எனினும் உயிர் தப்பியவர்கள் மறுநாளே உடைமையைப் பற்றியும் எண்ணவேண்டியவர்களாயினர். அலுமாரியும் பெட்டகமும் அள்ளுண்டபோது, உறுதிகளும் பிறப்புப் பத்திரங்களும் மணப் பதிவுகளும் அவற்றோடு போயின. 2005-இல் கிழக்குக் கரையில் 200 மீற்றர் தூரத்துக்குள் மீண்டும் வீடு கட்டலாகாது என்று அரசு முதலில் அறிவித்தது. யாருடைய வளவு எங்கே இருந்தது, அதன் எல்லை யாது, அதற்கு உரியவர் எவர் என்னும் கேள்விகள் அப்பொழுது வீட்டுக்கு வீடு எழுந்தன. காணாமற் போனோரின் மரணத்தைப் பதிவதற்கும், பெற்றோரை இழந்த பிள்ளைகளின் பாதுகாப்புக்கும் 2005-ஆம் ஆண்டின் 16-ஆம் இலக்கச் சிறப்புச் சட்டம் வந்தது. ஆனாற் போன உறுதியைத் தேடிக் கொடுக்க எந்தச் சட்டமும் கடலுக்குள் இறங்கமாட்டாது. அதனைத் தேடவேண்டிய இடம் தரையிலே, நீதிமன்றத்தின் பின்கட்டிலே இருக்கிறது.

எடுத்துக்காட்டாக ஒரு தாயை மனத்திற் கொள்க. அவர் கரையோரத்து ஊர் ஒன்றைச் சேர்ந்தவர். அவருடைய உம்மாவின் சகோதரங்களுக்குள்ளே 1950-களில் வளவொன்றைப் பிரிப்பதற்கு வழக்கு நடந்தது. பிரித்த துண்டுகளில் ஒன்று உம்மாவுக்குக் கிடைத்தது. அவர் தம் மகளுக்குச் சீதனமாக அதனை எழுதினார். அந்த உறுதி 2004-இல் நீரோடு போயிற்று. இப்பொழுது அந்தத் தாய் தம் பேத்திக்கு வீட்டை எழுதிக் கொடுக்க விரும்புகிறார். “உரித்தைக் காட்டும் எழுத்து வேண்டும்” என்று நொத்தாரிசு கேட்கிறார். தாயிடம் இருப்பது நினைவு மாத்திரமே. இக்கதை கற்பனையே, ஆயினும் இதிலே வரும் ஒவ்வொரு படியும் உண்மையான வழக்கத்தைத் தழுவியது.

நினைவை எழுத்தாக மாற்றித் தரக்கூடியது வழக்கேடு. ஒரு வழக்குத் தொடங்கிய நாள்முதல் முடியும் நாள்வரை நிகழ்ந்தவை அனைத்தும் அதிலே இருக்கும். வாதியின் முறைப்பாடு, பிரதிவாதியின் விடை, சாட்சிகளின் வாக்குமூலம், அடையாளமிட்டுச் சேர்த்த ஆவணங்கள், தீர்ப்பு, தீர்ப்பாணை ஆகியன ஒன்றன்பின் ஒன்றாகக் கோக்கப்பட்டிருக்கும். 1889-ஆம் ஆண்டின் குடியியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவை, ஒவ்வொரு வழக்குக்கும் நாட்குறிப்பு ஒன்று எழுதப்படவேண்டும் என்றும், அதுவே வழக்கின் தலையாய பதிவு என்றும் விதித்தது. ஆகவே வழக்கேட்டைத் திறப்பவர் முதலிற் பார்க்கவேண்டியது அந்த நாட்குறிப்பையே. எந்த நாளில் யார் வந்தார், எந்தக் கட்டளை பிறந்தது, எந்தப் பத்திரம் திருப்பிக் கொடுக்கப்பட்டது என்பதை அது சொல்லும்.

காணியைப் பிரிக்கும் வழக்கின் ஏடு இவற்றுள்ளே மிகுந்த மதிப்புடையது. இலங்கையில் இத்தகைய வழக்குக்கு 1863-ஆம் ஆண்டிலே கட்டளைச் சட்டம் ஒன்று இருந்தது. 1951-இல் வேறொரு சட்டம் வந்தது. இந்நாளில் வழங்குவது 1977-ஆம் ஆண்டின் 21-ஆம் இலக்கச் சட்டம். இவ்வழக்கிலே நீதிமன்றம் முதலில் இடைக்காலத் தீர்ப்பாணையால் ஒவ்வொருவருடைய பங்கையும் வரையறுக்கும். பின்னர் நில அளவையாளர் காணியை அளந்து, துண்டு துண்டாகப் பிரித்துப் படம் வரைவார். அதனை ஏற்று இறுதித் தீர்ப்பாணை பிறக்கும். ஏனைய வழக்குகளின் தீர்ப்பு வழக்காடிய இரு தரப்பாரை மாத்திரமே கட்டுவது. பிரிவினைத் தீர்ப்பாணையோ, சட்டம் கூறும் சில விலக்குகள் நீங்கலாக, உலகத்தார் அனைவருக்கும் எதிராக உரித்தை நிலைநாட்டுவது. அதனால் அந்தத் தாய் தேடவேண்டிய எழுத்துகளுள் முதன்மையானது இறுதித் தீர்ப்பாணையும் அதனோடு இணைந்த படமுமாகும்.

அடுத்த கேள்வி, எந்த நீதிமன்றம் என்பது. இங்கேதான் பலர் வழி தவறுகின்றனர். இலங்கையின் மாவட்ட நீதிமன்றங்கள் 1833-ஆம் ஆண்டின் நீதிச் சாசனத்தால் அமைந்தவை. சிறிய வழக்குகளைக் கேட்ட கோரிக்கை நீதிமன்றங்கள் 1973-ஆம் ஆண்டின் நீதி நிருவாகச் சட்டத்தால் ஒழிந்தன. ஆகவே பழைய உறுதியிற் காணப்படும் நீதிமன்றத்தின் பெயர் இன்றைக்கு எந்தப் பெயர்ப்பலகையிலும் இல்லாதிருக்கலாம். அன்றியும் அம்பாறை மாவட்டம் 1961-இல் மட்டக்களப்பிலிருந்து பிரிந்தது. கரவாகுப் பற்றும் நிந்தவூர்ப் பற்றும் சம்மாந்துறைப் பற்றும் அதற்கு முன்னர் மட்டக்களப்பு மாவட்டத்தின் பகுதிகள். எனவே 1950-களின் ஏட்டைத் தேடுபவர் கல்முனையில் இல்லை என்ற விடை கிடைத்தவுடன் மனந்தளர்ந்து வீடு திரும்பலாகாது. மட்டக்களப்பிலும் விசாரித்துப் பார்த்தல் வேண்டும்.

நீதிமன்றம் தெரிந்தாலும் வழக்கு எண் தெரியாவிட்டால் என்ன செய்வது? பதிவறையிலே ஆயிரக்கணக்கான ஏடுகள் கட்டுக்கட்டாக அடுக்கப்பட்டிருக்கும். பெயரை மாத்திரம் சொல்லி ஒரு கட்டை எடுத்துத் தரும்படி கேட்பது, வயலிலே விழுந்த ஊசியைக் கேட்பது போலாகும். தேடிச் செல்பவருக்கும் பதிவறை எழுதுவினைஞருக்கும் இடையே இத்தகைய உரையாடல் நிகழ்வது இயல்பு:

“வழக்கு எண் என்ன, உம்மா?”

“எண் தெரியாது மகன். எங்கட உம்மாட காலத்து வழக்கு. வளவு பிரிச்ச வழக்கு.”

“எந்த வருசம்?”

“நான் சின்னப் பிள்ளை. பள்ளிக்கூடம் போகத் தொடங்கின காலம்.”

“எண் இல்லாமல் எடுக்கிறது கஷ்டம், உம்மா. காணிப் பதிவகத்தில் ஒருக்கால் பார்த்துக்கொண்டு வாங்க.”

எழுதுவினைஞர் சொன்னது தட்டிக் கழிக்கும் சொல் அன்று. அது வழிகாட்டும் சொல். பிரிவினை வழக்குத் தொடங்கியதும், இக்காணியைப் பற்றி வழக்கு நிலுவையில் இருக்கிறது என்னும் அறிவித்தல் காணிப் பதிவகத்திலே பதியப்படுதல் வேண்டும். பின்னர் பிறக்கும் தீர்ப்பாணையும் பதியத்தக்கது. ஆதலால் அந்த வளவுக்குரிய பதிவேட்டுப் பக்கத்தைக் கண்டுபிடித்தால், அதிலே நீதிமன்றத்தின் பெயரும் வழக்கின் எண்ணும் திகதியும் வரிசையாக எழுதியிருக்கும். பூட்டு நீதிமன்றத்தில், திறப்புக் காணிப் பதிவகத்தில்.

பதிவகத்தின் பக்கத்தை எவ்வாறு காண்பது? அயல் வளவுக்காரரின் உறுதி ஒருவேளை தப்பியிருக்கலாம். ஒரே தாய்க்காணியிலிருந்து பிரிந்த துண்டுகளாயின், அவ்வுறுதியிலே குறித்த பதிவு இலக்கம் இரண்டு வளவுக்கும் வழிகாட்டும். உறுதியை எழுதிய நொத்தாரிசின் பெயர் நினைவில் இருந்தால் அதுவும் பயன்தரும். காணியைக் கைமாற்றும் உறுதி நொத்தாரிசின் முன்னிலையில், இரு சாட்சிகளோடு எழுதப்படவேண்டும் என்பது 1840-ஆம் ஆண்டின் 7-ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின் விதி. அவர் ஒரு படியை உரியவரிடம் கொடுப்பார். ஒரு படியைத் தம்மிடம் வைப்பார். இரட்டைப் பிரதியைக் காணிப் பதிவாளருக்கு அனுப்புவார். வீட்டுப் படி கடலோடு போனாலும் மற்றையவை எங்கோ ஓர் அடுக்கிலே தூசு படிந்து இருக்கக்கூடும். சீதன உறுதியைத் தேடும் அந்தத் தாய்க்கு இந்த வழியும் உண்டு.

வழக்கு எண்ணைப் படிப்பதிலும் ஒரு முறை இருக்கிறது. எண்ணுக்கு அருகே நிற்கும் ஆங்கில எழுத்து வழக்கின் வகையைக் குறிக்கும். ‘பி’ என்பது பாகப்பிரிவினை. ‘எல்’ என்பது ஏனைய காணி வழக்கு. ‘எம்’ என்பது பணவழக்கு. ‘டி’ என்னும் ஒலியுடைய எழுத்துகளுள் ஒன்று இறந்தவரின் உடைமை பற்றிய மரணசாதன வழக்கைக் குறிப்பது. அந்த ஓர் எழுத்தை விட்டுவிட்டாற் பதிவறையில் வேறொரு கட்டை அவிழ்க்க நேரும். மரணசாதன வழக்கின் ஏடு தனிச் சிறப்புடையது. இறந்தவர் விட்டுச்சென்ற உடைமையும், அவருடைய வாரிசுகளின் பெயரும் அதிலே குறிக்கப்பட்டிருக்கும். உறவுமுறையை நிறுவவேண்டியவருக்கு அதனைவிட நல்ல துணை இல்லை.

பெயரெழுத்தும் ஒரு பொறி. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை நீதிமன்ற ஏடுகள் ஆங்கிலத்திலே எழுதப்பட்டன. தமிழிலும் அரபிலும் பிறந்த பெயர்களை ஆங்கிலத்தில் எழுதியவர் தத்தம் செவிக்கு எட்டியவாறு எழுதினர். ‘லெப்பை’ என்னும் ஒரு சொல்லே லெப்பே என்றும் லெவ்வை என்றும் லெப்பை என்றும் மூன்று கோலங் கொள்ளும். ஆகவே அகரவரிசைப் பட்டியலில் ஒரு பெயரைத் தேடுபவர், அதனை எத்தனை வகையாக எழுதலாமோ அத்தனை வகையாகவும் தேடுதல் வேண்டும். இந்நாளில் நிலைமை வேறு. அரசியலமைப்பின் 24-ஆம் உறுப்புரைப்படி, தமிழ் நிருவாக மொழியாக உள்ள பிரதேசங்களில் நீதிமன்றத்தின் மொழியும் ஏட்டின் மொழியும் தமிழே. கல்முனை நீதிமன்றத்தின் இன்றைய ஏட்டை அவ்வூர்த் தாய் தாமே படித்துக்கொள்ளலாம். பழைய ஏட்டுக்கோ மொழிபெயர்ப்பாளரின் உதவி வேண்டும்.

எண் கிடைத்தபின் விண்ணப்பம். நீதிமன்றப் பதிவாளருக்கு எழுதும் விண்ணப்பம் நீண்டதாயிருக்க வேண்டியதில்லை. நீதிமன்றத்தின் பெயர், வழக்கு எண், வழக்கின் வகை, ஆண்டு, வாதி பிரதிவாதிகளின் பெயர், தேவையான பத்திரம் எது, விண்ணப்பிப்பவருக்கும் வழக்குக்கும் உள்ள தொடர்பு யாது என்பவை தெளிவாக இருந்தாற் போதும். “வழக்கின் பிரதி வேண்டும்” என்று பொதுப்பட எழுதுவதைவிட, “இறுதித் தீர்ப்பாணையினதும் அதனோடு சேர்ந்த நில அளவைப் படத்தினதும் சான்றுப்படுத்திய பிரதிகள் வேண்டும்” என்று எழுதுவது காலத்தையும் பணத்தையும் மிச்சப்படுத்தும். வழக்கிலே பங்குகொண்டவர்கள் தீர்ப்பினதும் தீர்ப்பாணையினதும் பிரதியைத் தம் செலவிற் பெற உரித்துடையர் என்று சட்டக்கோவை கூறுகிறது. அவர்களின் வழித்தோன்றல்கள் தம் உறவைக் காட்டிக் கேட்கலாம். முற்றிலும் புறத்தவராயின், தமக்குள்ள அக்கறையை எடுத்துரைத்து நீதிமன்றத்தின் அனுமதியை நாடுதல் வேண்டும். செலுத்தும் கட்டணத்துக்குப் பற்றுச்சீட்டு வாங்க மறக்கலாகாது. ஏடு பார்த்துத் தருவதாகச் சொல்லி வாசலில் நின்று கைந்நீட்டும் தரகரை நம்புவதைக் காட்டிலும், சட்டத்தரணி ஒருவரின் ஆலோசனையைப் பெறுவது நன்று.

சான்றுப்படுத்திய பிரதி என்பதற்கும் சாதாரண நகலுக்கும் உள்ள வேற்றுமை பெரிது. 1895-ஆம் ஆண்டின் 14-ஆம் இலக்கச் சான்றுக் கட்டளைச் சட்டம், நீதிமன்றங்களின் செயல்களைப் பதிந்த ஆவணங்களைப் பொது ஆவணங்களாகக் கொள்கிறது. பார்வையிடும் உரிமையுள்ளவர் கேட்டுக் கட்டணஞ் செலுத்தினால், அவற்றைக் காவல் செய்யும் அலுவலர் பிரதி கொடுத்தல் வேண்டும். பிரதியின் அடியிலே இது உண்மையான பிரதி என்னும் வாசகமும், திகதியும், அலுவலரின் கையொப்பமும் பெயரும் பதவியும், உரிய இடத்து முத்திரையும் இருத்தல் வேண்டும். இவை அமைந்த பிரதி, மூல ஆவணத்தின் உள்ளடக்கத்துக்குச் சான்றாக நீதிமன்றத்தில் ஏற்கப்படும். இவற்றுள் ஒன்று குறைந்தாலும் அது வெறும் நகலாகிவிடும். ஆகவே பிரதியைக் கையில் வாங்கியவர், வாசற்படி இறங்குமுன் அதன் அடிப்பாகத்தைப் படித்துப் பார்ப்பது நல்லது.

இவ்வுரிமை எங்கிருந்து வந்தது என்று எண்ணிப் பார்ப்பதும் தகும். நீதிமன்றத்தின் அமர்வு பகிரங்கமாக நடைபெறவேண்டும், எவரும் தடையின்றி அங்கே செல்லலாம் என்பது இலங்கை அரசியலமைப்பின் 106-ஆம் உறுப்புரையின் விதி. மறைவிலே வழங்கும் நீதி, நீதியாயினும் மக்கள் மனத்தில் ஐயத்தை விளைக்கும். திறந்த மன்றத்திலே சொல்லியதன் எழுத்து வடிவமே வழக்கேடு. ஆதலால் ஏட்டைக் கேட்பவர் எவரிடமும் இரக்க வந்தவர் அல்லர்.

ஆயினும் எல்லாக் கதவும் எல்லோருக்கும் திறக்கத்தக்கவை அல்ல. குடும்ப உறவு பற்றிய வழக்குகளிலும், பாலியல் தொடர்பான வழக்குகளிலும், நாட்டின் பாதுகாப்பைத் தொட்ட வழக்குகளிலும் பொதுமக்களை விலக்கி அமர்வதற்கு அதே 106-ஆம் உறுப்புரை நீதிபதிக்கு அதிகாரம் அளிக்கிறது. கொடுமைக்கு ஆளான பெண்ணின் பெயரை ஊரறியச் செய்வது நீதியின் வெளிச்சம் அன்று. அது இரண்டாவது கொடுமை. அறிய வேண்டியதை அறிவது உரிமை. அயலாரின் துயரைக் கிளறுவது உரிமையன்று.

முஸ்லிம்களின் மணமுறிவு, தாபரிப்பு, மஹர், கைக்கூலி ஆகியவற்றைப் பற்றிய வழக்குகள் 1951-ஆம் ஆண்டின் 13-ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ்க் காதி நீதிமன்றங்களில் விசாரிக்கப்படுவன. அவற்றின் ஏட்டை மாவட்ட நீதிமன்றத்திலே தேடுவது வீண்முயற்சி. உரிய காதியிடமே விண்ணப்பித்தல் வேண்டும். கைக்கூலியாகக் கொடுத்த தொகை மணப்பதிவிலே எழுதப்பட்டிருந்தால், பின்னொரு காலத்தில் அதனை மீளக் கோரும் பெண்ணுக்கு அப்பதிவே வாய்ச்சொல்லிலும் வலிய சாட்சியாகும். வழக்கு மேன்முறையீட்டுக்குச் சென்றிருப்பின், ஏடும் மேல்மன்றத்துக்குச் சென்றிருக்கலாம் என்பதையும் நினைவிற் கொள்க. உயர் நீதிமன்றத்தினதும் மேன்முறையீட்டு நீதிமன்றத்தினதும் அண்மைக் காலத் தீர்ப்புகள் பலவற்றை இணையத்தளத்திலே கட்டணமின்றிப் படிக்கலாம். ஆனால் ஊர் நீதிமன்றத்து ஏட்டை ஊருக்குச் சென்றே தேடுதல் வேண்டும்.

தகவல் அறியும் உரிமைச் சட்டம் பற்றியும் ஒரு சொல். 2016-ஆம் ஆண்டின் 12-ஆம் இலக்கமான இச்சட்டம் 2017 பெப்ருவரி 3-ஆம் திகதி நடைமுறைக்கு வந்தது. நீதிமன்றங்களும் இதன்கீழ் வரும் பகிரங்க அதிகாரசபைகளே. குடிமகன் எவரும் தகவல் அலுவலரிடம் கேட்கலாம். ஏன் கேட்கிறார் என்று காரணஞ் சொல்ல வேண்டியதில்லை. எழுத இயலாதவர் வாயாற் சொன்னால், அதனை எழுத்தில் வடிப்பது அலுவலரின் கடமை. 14 வேலை நாளுக்குள் முடிவு சொல்லவும் வேண்டும். எனினும் நீதித்துறையின் அதிகாரத்துக்கும் நடுநிலைமைக்கும் ஊறு விளைக்கும் தகவலை மறுக்க இச்சட்டமே இடமளிக்கிறது. இந்தியாவிலே இது பற்றி எழுந்த வழக்கொன்றில், 2020-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தெளிவான தீர்ப்பளித்தது. வழக்கேட்டின் சான்றுப்படுத்திய பிரதியைப் பெற விரும்பும் புறத்தவர், தகவல் உரிமைச் சட்டத்தை நாடாது, நீதிமன்றத்தின் சொந்த விதிகளின்படியே விண்ணப்பிக்கவேண்டும் என்பது அத்தீர்ப்பு. அது இலங்கையைக் கட்டுப்படுத்துவதன்று. ஆயினும் பிரதி வேண்டியவர் முதலில் நீதிமன்றப் பதிவாளரிடம் செல்வதும், நிருவாகத் தகவல் வேண்டியவர் தகவல் அலுவலரிடம் செல்வதும் இங்கும் நேர்வழியாகும்.

ஏடே அழிந்துவிட்டால்? கடதாசிக்குக் கறையானும் ஈரமும் தீயும் பகை. 1922-ஆம் ஆண்டு ஜூன் 30-ஆம் திகதி, அயர்லாந்தின் தலைநகரான டப்ளினில் நிகழ்ந்த உள்நாட்டுப் போரிலே, நீதிமன்ற வளாகத்தோடு சேர்ந்திருந்த பொதுப் பதிவகம் தீக்கிரையாயிற்று. பல நூற்றாண்டு எழுத்துகள் ஒரு நாளிற் சாம்பலாயின. ஆனால் அந்நாட்டார் கைவிடவில்லை. அவ்வேடுகளின் பிரதிகள் வேறு எங்கெங்கே இருந்தனவோ அங்கெல்லாந் தேடித் திரட்டி, நூறு ஆண்டு கழித்து 2022-இல் அப்பதிவகத்தைக் கணினியின் துணையோடு மீள அமைத்து மக்கள் பார்வைக்கு வைத்தனர். மூலம் அழிந்த இடத்திற் பிரதி பிழைத்தது. கல்முனைக் குடும்பம் ஒன்றுக்கும் இதிலே பாடம் உண்டு. சட்டத்தரணியின் கோப்பு, மேன்முறையீட்டுக்குத் தட்டச்சிட்ட பிரதி, எதிர்த் தரப்பாரின் பெட்டகம் ஆகிய இவற்றில் எதிலேனும் ஒரு படி தப்பியிருக்கலாம். அன்று வழக்காடிப் பிரிந்த உறவினரின் வீட்டுக் கதவைத் தட்டவேண்டி வருமாயின், தட்டுவதிலே தாழ்வில்லை.

இனி, அந்தத் தாயின் கதைக்கு வருவோரைக் காத்திருக்க வைத்தல் முறையன்று. காணிப் பதிவகத்தில் எண் கிடைத்தது. எண்ணைக் கொண்டு ஏடு கிடைத்தது. பழுப்பேறிய படத்திலே, மூன்றாந் துண்டு அவருடைய உம்மாவின் பெயரில் இருந்தது. கண்ணீர் துளிர்க்கப் பார்த்தவரின் விரல் படத்தின் ஓரத்திலே நின்றது. பின்வளவுத் துண்டுக்குச் செல்வதற்கென நான்கடிப் பாதை ஒன்று அங்கே கோடிட்டு விடப்பட்டிருந்தது. பின்வளவு சின்னம்மாவின் பங்கு. அந்தப் பாதை பல ஆண்டுகளாக அவருடைய வேலிக்குள்ளே அடைபட்டுக் கிடக்கிறது. சின்னம்மாவின் பிள்ளைகள் சுற்றுவழியாக நடக்கிறார்கள். பாதை இருந்தது என்று சொல்லிச் சொல்லி ஓய்ந்தும் விட்டார்கள்.

வழக்கேட்டின் பெருமையும் கண்டிப்பும் இதுவே. வேண்டியதை மாத்திரம் பெயர்த்தெடுத்து, வேண்டாததை விட்டுவிட அது இடந்தராது. மூன்றாந் துண்டு உனக்கு என்று சொன்ன அதே தீர்ப்பாணை, நான்கடிப் பாதை உனக்கன்று என்றும் சொல்கிறது. அந்தத் தாய் பேத்திக்கு வளவை எழுதுமுன் வேலியை நான்கடி உள்ளே நகர்த்தினார். அயலார் வியந்தனர். பிரதியின் பொருட்டு அவர் செலுத்திய கட்டணம் சிறிது. அந்தப் பிரதி அவரிடம் கேட்டதோ அதனிலும் பெரிது. அதனைக் கொடுத்த பின்னரே பேத்தியின் வளவு வில்லங்கமற்ற வளவாயிற்று.

பெட்டகத்தில் இன்னும் உறுதி உள்ள குடும்பங்கள், கடலும் கறையானும் வருமுன்னரே சில காரியங்களைச் செய்து வைக்கலாம். வழக்கு எண்ணையும் பதிவு இலக்கத்தையும் நொத்தாரிசின் பெயரையும் ஒரு கொப்பியில் எழுதி, மணமுடித்துச் சென்ற பெண்மக்களிடமும் வெளியூரில் வாழும் ஆண்மக்களிடமும் ஒவ்வொரு படி கொடுத்து வைப்பது அவற்றுள் முதன்மையானது. தீர்ப்பாணையின் சான்றுப்படுத்திய பிரதியைத் தேவை வரும் வரை காத்திராது முன்கூட்டியே பெற்றுக்கொள்வது அடுத்தது. முதியோர் உயிரோடு இருக்கும்போதே, எந்த வழக்கு, எந்தக் காலம், எவரெவர் என்று கேட்டுக் குறித்துக்கொள்வது யாவற்றினும் எளியது. ஆயினும் பெரும்பாலும் மறக்கப்படுவது.

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாதுதான். ஆனால் கொல்லை எவருடையது, வேலி எங்கே நிற்கவேண்டும், பாதை யாருக்கு உரியது என்பதை ஏடு சொன்ன பிறகே, சண்டையின்றிச் சுரைவிதை ஊன்றலாம். நீதிமன்றத்தின் பின்கட்டிலே தூசு படிந்து கிடக்கும் அந்த ஏடுகள் செத்த வழக்குகளின் கல்லறை அல்ல. கேட்கத் தெரிந்தவருக்கு அவை இன்றும் விடை சொல்லும்.